பாய்லர் செத்துப்போன வெள்ளிக்கிழமை

உங்களில் யார்கிட்டயாவது பத்தாயிரம் வீடு சொந்தமா இருக்கா? என்கிட்ட இருந்துச்சு!

சும்மா பில்டப் இல்லீங்க. கோவையில் என் ஹாஸ்டல் ரூமில், சார்ஜரைப் பிடுங்கினால் உயிரை விடுகிற ஒரு பழைய லேப்டாப்புக்குள் 10,000 குடும்பங்களை வளர்த்துக்கொண்டிருந்தேன். எல்லாமே இங்கிலாந்துக் குடும்பங்கள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் இவ்வளவு சம்பளம், இத்தனை சுவர், இத்தனை ஜன்னல், வருஷத்துக்கு இவ்வளவு கேஸ் என்று நானேதான் படியளந்தேன். 'ரன்' கொடுத்தால் அவர்களுக்கு 20 வருஷம் ஓடிவிடும். எனக்கு ஒரு டீ ஆறுகிற நேரம்.

இப்படிக் கடவுள் ரேஞ்சுக்கு ஃபீல் பண்ணிக்கொண்டிருந்த ஒரு டிசம்பர், ஜனவரியைப் பற்றித்தான் உங்ககிட்ட சொல்லப்போறேன். அந்தக் கடவுளுக்கு பல்பு கொடுத்தது வேறு யாருமில்லை, என் சித்தி.

நான் ட்ரிபிள் ஈ மூணாம் வருஷம். 2024 டிசம்பரில் செமஸ்டர் முடிஞ்சதும் எல்லாரும் ஊருக்கு ஓட, நான் மட்டும் எங்க டிபார்ட்மென்ட் எனர்ஜி லேபில் இன்டர்ன்ஷிப் சேர்ந்தேன். (உண்மைக் காரணம்: பிளேஸ்மென்ட் நெருங்குது, ரெஸ்யூமில் பாதிப் பக்கம் காலி!) அங்கே சார் கையில் இருந்த ப்ராஜெக்ட் பிரிட்டனைப் பற்றியது. அங்குள்ள குடும்பங்கள் வீட்டைச் சூடாக்குகிற முறையை எப்போ, எதனால் மாத்திக்கும் என்று கம்ப்யூட்டரில் மாடல் போட வேண்டும். "நமக்கு ஃபேனே பத்தலை, இதுல ஹீட்டராடி?" என்று ரூம்மேட் விழுந்து விழுந்து சிரித்தாள். முதல் நாள் நானும் அப்படித்தான் நினைத்தேன்.

விஷயம் சிம்பிள். அந்த ஊரில் குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்காமல் குடியிருக்க முடியாது. நாலில் மூணு வீட்டுக்கும் மேல் கேஸ் பாய்லர்தான். சமையலறைச் சுவரில் ஒரு வெள்ளைப் பெட்டி தொங்கும். அது கேஸை எரித்துத் தண்ணீரைச் சூடாக்கும். அந்தச் சுடுதண்ணீர் குழாய் வழியாக ரூம் ரூமாகப் போய், சுவரோரம் இருக்கிற ரேடியேட்டர் என்ற இரும்புத் தட்டுகளைச் சூடாக்கும். குளிக்கிற வெந்நீரும் அதே பெட்டியில் இருந்துதான். சுகமான ஏற்பாடு. ஆனால் இப்படி வீடுகளைச் சூடாக்குவதால் வருகிற கார்பன், அந்த நாட்டின் மொத்தக் கணக்கில் பத்தில் ஒரு பங்குக்கும் மேல்.

இதற்கு மாற்றுதான் ஹீட் பம்ப். பேரைக் கேட்டு மிரள வேண்டாம். உங்க வீட்டு ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் கை வைத்துப் பாருங்கள், சுடும். உள்ளே இருக்கிற சூட்டை எடுத்து வெளியே தள்ளுகிறது, அவ்வளவுதான். அதையே திருப்பிப் போடுங்கள். வெளியே வீசுகிற குளிர்காற்றில் மிச்சமிருக்கும் சூட்டைப் பிழிந்து வீட்டுக்குள் தள்ளினால் அது ஹீட் பம்ப். ஜீரோ டிகிரி காற்றில்கூடப் பிழிவதற்குச் சூடு இருக்கும். (தெர்மோடைனமிக்ஸில் அரியர் வைக்காத புண்ணியவான்களுக்கு இது புரியும்.) லார்ட் கெல்வின் 1852-லேயே இந்த யோசனையைச் சொல்லிவிட்டார். ஒரு யூனிட் கரன்ட் கொடுத்தால் சுமார் மூணு யூனிட் சூடு கிடைக்கும். மாயமந்திரம் எல்லாம் இல்லை. சூட்டைப் புதிதாக உண்டாக்காமல் இடம் மட்டும் மாற்றுவதால் வருகிற லாபம். நம்மை விட, ஏன், லண்டனை விடவும் குளிர்கிற நார்வேயில் பாதிக்கும் மேற்பட்ட வீடுகளில் இது ஓடிக்கொண்டிருக்கிறது.

பிரிட்டன் அரசும் சும்மா இல்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஹீட் பம்ப் போடுகிறவர்களுக்கு 2022 மே மாதம் முதல் 5,000 பவுண்டு மானியம் கொடுத்தார்கள். 2023 அக்டோபரில் அதை 7,500 ஆக்கினார்கள். 2028-க்குள் வருஷத்துக்கு 6 லட்சம் ஹீட் பம்ப் என்பது அவர்கள் வைத்த இலக்கு. 2024-ல் விற்றது சுமார் 1 லட்சம். அதே நாட்டில் வருஷா வருஷம் சுமார் 15 லட்சம் கேஸ் பாய்லர் விற்கிறது!

கார்பன் குறைவு, கையில் மானியம். அப்புறம் ஏன் மக்கள் மாற மாட்டேங்கறாங்க? இந்த ஒரு கேள்விக்குத்தான் என் பத்தாயிரம் குடும்பங்களும்.

முதல் மாடலை நான் எப்படிப் போட்டேன்னு சொல்றேன். உங்க கிளாஸில் மாஸ் பங்க் எப்படி நடக்கும்? யார் வந்தாலும் வராவிட்டாலும் வெளியே போகிற ஒருத்தன் இருப்பான். 'அவன் போனா நானும்' என்று ஒருத்தன். 'ரெண்டு பேர் போனாப் போலாம்' என்று ஒருத்தி. இப்படியே போய், நாற்பது பேர் காலி பண்ணின பிறகுதான் பையைத் தூக்குகிற முதல் பெஞ்ச். எல்லாம் வரிசையாக அமைந்தால் பத்தே நிமிஷத்தில் கிளாஸ் காலி. அந்த ரெண்டாவது ஆளுக்கு அன்றைக்குப் பார்த்துக் காய்ச்சல் என்றால்? முதல் ஆள் கேன்டீனில் தனியாக உட்கார்ந்து பஜ்ஜி தின்ன வேண்டியதுதான். மற்ற 58 பேர் மனசிலும் ஆசை அப்படியே இருக்கும், ஆனால் மாஸ் பங்க் நடக்காது. மார்க் கிரானோவெட்டர் என்கிற அமெரிக்க சமூகவியல் பேராசிரியர் 1978-ல் இதைக் கணக்காகவே எழுதிவிட்டார். ஒவ்வொரு மனுஷனுக்கும் 'இத்தனை பேர் செஞ்சா நானும் செய்வேன்' என்று ஓர் எண் உண்டு என்பதுதான் அதன் சாரம்.

நானும் அந்த எண்ணை என் குடும்பங்களுக்குக் கொடுத்தேன். வருஷத்துக்கு ஒரு தடவை ஒவ்வொரு குடும்பமும் உட்கார்ந்து யோசிக்கும். பாய்லர் விலை எவ்வளவு, ஹீட் பம்ப் விலை எவ்வளவு, மானியம் போக என்ன, பக்கத்து வீட்டில் யார் மாத்தியிருக்காங்க... எது லாபமோ அதைத் தேர்ந்தெடுக்கும். 'ரன்' கொடுத்தேன். ஆஹா! முதலில் மெதுவாக ஊர்ந்து, நடுவில் ஜிவ்வென்று ஏறி, மேலே போய்ப் படிகிற எஸ் வடிவக் கோடு. அந்த கிராஃபை லேப்டாப்பில் வால்பேப்பராகவே வைத்துக்கொண்டேன். அவ்வளவு அழகு, பாஸ்.

அப்புறம்தான் அந்த வெள்ளிக்கிழமை வந்தது. 2025 ஜனவரி 10. ராத்திரி பதினொன்றரை. லண்டனில் அப்போது சாயங்காலம் ஆறு மணி.

என் சித்தி, அம்மாவின் தங்கச்சி, அங்கே ஈஸ்ட் ஹாமில் இருக்கிறார். ஆஸ்பத்திரியில் நர்ஸ். சித்தப்பா, ரெண்டு பசங்க, ஆறு மாசத்துக்கு ஊரிலிருந்து வந்திருந்த மாமியார். ஒட்டி ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகளில் நடுவில் ஒன்று.

"கண்ணு, தூங்கிட்டயா?"

"இல்லீங் சித்தி, சொல்லுங்க."

"பாய்லர் செத்துப்போச்சு சாமி. வெளிய எல்லாம் ஒறைஞ்சு கெடக்குது. வீட்டுக்குள்ள மூச்சு வுட்டாப் பொகை வருது. அத்தை ரெண்டு சுவெட்டரு, மேல ஒரு கம்பளின்னு சுருண்டு உக்காந்திருக்காங்க. நீ இதைத்தான் படிக்கறயாமா, அக்கா சொல்லுச்சு. அந்த ஹீட் பம்ப்பு... அதையே போட்றட்டுமா?"

என் மாடலிலிருந்து ஒரு குடும்பம் எழுந்து வந்து என்னிடமே ஐடியா கேட்கிற மாதிரி இருந்தது! லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு பத்து நிமிஷம் லெக்சர் அடித்தேன். கெல்வினில் ஆரம்பித்து 7,500 பவுண்டு வரைக்கும் ஒன்றுவிடாமல் சொன்னேன். சித்தி பொறுமையாகக் கேட்டார். பிறகு அவர் கேட்க ஆரம்பித்தார்.

"திங்கக்கெழமைக்குள்ள மாட்டிருவாங்களா?"

முதல் பாலே போல்டு. ஹீட் பம்ப் போட வேண்டுமென்றால் முதலில் ஆள் வந்து ரூம் ரூமாக எவ்வளவு சூடு வெளியே போகிறது என்று அளக்கணும். பாய்லர் அளவுக்குக் கொதிக்கிற தண்ணீரை அது அனுப்பாது, அதனால் சில ரேடியேட்டர்களைப் பெரிதாக மாத்தணும். மானியத்துக்கு விண்ணப்பம் போடணும். வாரக்கணக்கில் ஆகும்.

"தண்ணித் தொட்டி வேணும்ங்கறாங்களே, அது எத்தாசோடு?"

இப்போது அவர்கள் வீட்டில் இருப்பது குழாயைத் திறந்தவுடன் சுடச்சுடத் தருகிற வகை. தொட்டியே கிடையாது. ஹீட் பம்ப்புக்கோ 200 லிட்டர் பக்கத்தில் ஒரு வெந்நீர்த் தொட்டி நிறுத்த வேண்டும். பழைய காலத்தில் அந்த வீட்டிலும் தொட்டி இருந்திருக்கிறது. அது இருந்த அலமாரிதான் இப்போது சித்தியின் பூஜை ரூம்.

"முருகனைத் தூக்கிட்டுப் போயி நான் எங்க வெக்கட்டும், நீயே சொல்லு?"

என் பத்தாயிரம் வீடுகளில் ஒன்றிலும் நான் முருகனுக்கு இடம் ஒதுக்கவில்லை.

வெளியே வைக்கிற பெட்டி, பக்கத்து வீட்டு எல்லையிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி இருக்க வேண்டும், இல்லையென்றால் கவுன்சிலில் அனுமதி வாங்க வேண்டும் என்று அப்போது அங்கே ஒரு விதி வேறு. (2025 மே மாதக் கடைசியில்தான் இங்கிலாந்தில் அதை எடுத்தார்கள்.) சித்தி வீட்டுக் கொல்லைப்புறத்தில் துணி காயப் போடவே இடம் பத்தாது.

"செரி, எல்லாத்தையும் வுடு. பில்லாச்சும் கம்மியாகுமா?"

இதற்கு என்னிடம் சரியான நம்பர் இருந்தது. அதுதான் பிரச்னையே. அந்த மாசம் அங்கே கரன்ட் யூனிட்டுக்குச் சுமார் 24.86 பென்ஸ். கேஸ் யூனிட்டுக்கு 6.34 பென்ஸ். ஏறக்குறைய நாலு மடங்கு! ஒரு வீட்டுக்கு வருஷத்துக்கு 10,000 யூனிட் சூடு வேண்டும் என்று வையுங்கள். நூற்றுக்கு 85 தேறுகிற கேஸ் பாய்லரில் அதற்கு ஆகிற செலவு சுமார் 746 பவுண்டு. ஒன்றுக்கு மூன்று தருகிற ஹீட் பம்ப்பில் சுமார் 829 பவுண்டு. கார்பன் மட்டும் பார்த்தால் பாய்லர் 2 டன்னுக்கு மேல் விடும். ஹீட் பம்ப் கணக்கில் சுமார் 700 கிலோதான். கடைசி நிலக்கரி மின்நிலையத்தை 2024 செப்டம்பரில் மூடிவிட்ட நாடு அது. பூமிக்கு லாபம், சித்திக்கு 83 பவுண்டு நஷ்டம்.

"சித்தி, சமையலுக்கும் கேஸ் வேண்டாம்னு கனெக்ஷனையே வெட்டிட்டா, தினசரிக் கட்டணம் மிச்சம். வருஷத்துக்கு 115 பவுண்டு கிட்ட வரும். அதைக் கழிச்சா கணக்கு சரியாயிரும்!"

"அப்ப தோசை?"

"இண்டக்ஷன்ல இரும்புக்கல்லு போடலாம் சித்தி."

"என்ற கல்லு நடுவுல குழி கண்ணு. அம்மா குடுத்து வுட்ட கல்லு."

போனில் ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பின்னணியில் பக்கத்து வீட்டில் கடன் வாங்கின ஃபேன் ஹீட்டர் உறுமுகிற சத்தம் மட்டும் கேட்டது.

சனிக்கிழமை காலையில் கேஸ்காரர் வந்தார். பழைய பாய்லரைப் பிரித்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். புதுசு நாளைக்கே மாட்டித் தருகிறேன் என்றார். ஞாயிறு சாயங்காலம் வாட்ஸ்அப்பில் போட்டோ வந்தது. சுவரில் பளபள என்று வெள்ளைப் பெட்டி. ரேடியேட்டர் மேல் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிற மாமியார். கீழே, 'வெந்நீர் வந்துருச்சு கண்ணு' என்று ஒரு வரி.

நான் என்ன செய்திருக்கணும்? ஒரு சிரிப்புப் பொம்மை அனுப்பிவிட்டுப் படுத்திருக்கணும். நான் டைப் பண்ணியது இது: 'இன்னும் பதினஞ்சு வருஷத்துக்குப் புகைதான் சித்தி. நீங்களே இப்படிப் பண்ணினா மத்தவங்களை என்ன சொல்றது?'

ரெண்டு நீல டிக் விழுந்தது. பதில் வரவில்லை.

அடுத்த நாள் பொங்கலுக்கு ஊருக்குப் போனேன். கோபிசெட்டிபாளையம் பக்கத்தில் அம்மிச்சி வீடு. பஸ்ஸை விட்டு இறங்கியதும் அம்மா பிடித்துக்கொண்டார். "என்னடி சொன்ன உங்க சித்திகிட்ட? நைட் டூட்டி முடிச்சுட்டு வந்து, குளுருல ரெண்டு பசங்களையும் வயசானவங்களையும் வெச்சுட்டுத் திண்டாடியிருக்கா. போன்ல அழுகறா." பொங்கப் பானை பொங்கினபோது எல்லாரும் கத்தினார்கள். எனக்குக் குரலே எழும்பவில்லை.

சாயங்காலம் புழக்கடையில் உட்கார்ந்திருந்தேன். மூலையில் ஒரு பழைய செம்பு பாய்லர், மேலே செம்பருத்தி நட்டு வைத்திருந்தது. நம்ம ஊர் பாய்லர் உங்களுக்குத் தெரியும்தானே? நடுவில் குழாய், அதில் கொட்டாங்குச்சியும் மட்டையும் போட்டு எரிப்பார்கள், சுற்றிலும் வெந்நீர். சின்ன வயசில் அதன் பக்கத்தில் நின்று குளிர் காய்ந்தது இன்னும் ஞாபகம் இருக்கு. இப்போது அம்மிச்சி வீட்டில் கீசர்.

"இதை எப்ப அம்மிச்சி மாத்துனீங்க?"

"உன்ற மாமன் கண்ணாலத்தப்ப. மூணு நாள் இருக்கறப்ப அடியில ஓட்டை வுளுந்துருச்சு. வூடு நெறைய ஒறம்பரை. ஓட்டை அடைக்கறவனைத் தேடிட்டு இருக்க முடியுமா? கரன்ட்டு வேலைக்கு வந்த பையன் ஈரோட்டுக்குப் போயி கீசர் வாங்கியாந்து அன்னிக்கே மாட்டிட்டான்."

"விறகு செலவு, கரன்ட் செலவு எல்லாம் யோசிச்சுப் பாத்தீங்களா?"

அம்மிச்சி என்னைப் பார்த்துச் சிரித்தார். "யோசிச்சிருந்தா மாத்தியே இருக்க மாட்டமே சாமி!"

அங்கேயே எனக்குப் பொறி தட்டியது. என் குடும்பங்கள் எல்லாம் வருஷத்துக்கு ஒரு தடவை, சாவகாசமாகக் காபி குடித்துக்கொண்டு யோசித்தார்கள். நிஜத்தில் யாரும் அப்படி உட்கார்ந்து பாய்லரைப் பற்றி யோசிப்பதே இல்லை. ஓடுகிற வரைக்கும் அது ஒன்று இருப்பதே ஞாபகம் வராது. அது சாகிற அன்றைக்குத்தான் யோசிக்கணும். அன்றைக்குப் பார்த்து யோசிக்க நேரம் இருக்காது. அடுத்த பதினைந்து வருஷத்தை, குளிரில் நடுங்குகிற ரெண்டு நாள் முடிவு பண்ணிவிடுகிறது. அந்த ரெண்டு நாளில் முதலில் போனை எடுக்கிற மெக்கானிக் யாரோ, அவர் கையில் எந்தப் பெட்டி இருக்கிறதோ, அதுதான் அந்த வீட்டுக்கு வாய்க்கும்.

அன்று ராத்திரியே சித்திக்குப் போன் போட்டு மன்னிப்புக் கேட்டேன். "அட வுடு கண்ணு, நானும் டென்ஷன்ல இருந்தேன்" என்றார். அதோடு நிற்கவில்லை. ஆஸ்பத்திரியில் கூட வேலை பார்க்கிற ஆறு பேரிடம், 'உங்க வீட்டு பாய்லரைக் கடைசியா எப்ப, ஏன் மாத்துனீங்க?' என்று எனக்காகக் கேட்டே சொன்னார். ரெண்டு பேர் வாடகை வீடு. மாத்துவது அவர்கள் கையிலேயே இல்லை. பெட்டிக்குக் காசு கொடுப்பவர் வீட்டுக்காரர், பில் கட்டுபவர் குடியிருப்பவர். யாருக்கு லாபம் என்று யார் யோசிப்பார்கள்? இங்கிலாந்தில் மூணில் ஒரு வீட்டுக்கும் மேல் இந்தக் கதைதான். மிச்சம் நாலு பேரில் ஒருத்தர்கூட நன்றாக ஓடிக்கொண்டிருந்த பாய்லரை மாத்தியவர் இல்லை.

லேபுக்குத் திரும்பி மாடலை முதலிலிருந்து எழுதினேன். இந்தத் தடவை ஒவ்வொரு வீட்டு பாய்லருக்கும் ஒரு வயசு வைத்தேன். வயசு ஏற ஏறச் சாகிற வாய்ப்பும் ஏறும். பெரும்பாலும் குளிர்காலத்தில் சாகும், அப்போதுதானே மாடாக உழைக்கிறது! செத்தால் ரெண்டு மூணு நாளுக்குள் என்ன கிடைக்குமோ அதை மட்டும்தான் வாங்க முடியும். தொட்டி வைக்க இடம் இருக்கா, வாடகை வீடா, பக்கத்தில் ஹீட் பம்ப் மாட்டத் தெரிந்த ஆள் இருக்காரா என்பதெல்லாம் உள்ளே வந்தது. அந்த நாட்டில் கேஸ் வேலை தெரிந்த மெக்கானிக்குகள் ஒரு லட்சத்துக்கும் மேல். ஹீட் பம்ப் பழகியவர்கள் அதில் சின்னப் பங்குதான். அலைச்சலுக்கும் ஒரு விலை போட்டேன். கோடில் அதற்கு நான் வைத்த பேர் 'தலைவலிக் கட்டணம்'.

'ரன்' கொடுத்தேன். என் அழகான எஸ், தலையைத் தொங்கப் போட்டுவிட்டது. இருபது வருஷம் ஓடியும் பாதி உயரம்கூட வரவில்லை. மானியத்தை ஏற்றிப் பார்த்தேன். கொஞ்சம் நிமிர்ந்தது, அவ்வளவுதான். திங்கட்கிழமைக்குள் வர முடியாத சாமானுக்கு எவ்வளவு மானியம் கொடுத்து என்ன?

எனக்குப் பயம் வந்துவிட்டது. மார்ச்சில் ரிவ்யூ. பழைய கிராஃபைக் காட்டினால் கைத்தட்டு உறுதி. புதுசைக் காட்டினால் 'இவ்வளவு நாள் என்ன பண்ணினே?' என்பார்கள். லேபில் பி.எச்டி பண்ணுகிற சீனியர் அண்ணாவிடம் புலம்பினேன்.

"கோடு கீழ போனா மாடல் கெட்டுப்போச்சுன்னு யார் சொன்னா?" என்று கேட்டுவிட்டு ஜெர்மனி கதையைச் சொன்னார். 2023-ல் அங்கே ஒரு சட்டம் கொண்டு வந்தார்கள். புதிதாக வைக்கிற ஹீட்டரில் 65 சதவிகிதமாவது புதுப்பிக்கத்தக்க சக்தி இருக்க வேண்டும் என்று. நல்ல எண்ணம்தான். ஜனங்களோ, 'ஐயோ, கேஸ் ஹீட்டருக்குத் தடை வருது' என்று பயந்து, அந்த வருஷம் கேஸ் ஹீட்டரைப் போய் அள்ளிக்கொண்டு வந்துவிட்டார்கள்! அந்த வருஷம் சுமார் 3 லட்சத்து 56 ஆயிரம் விற்ற ஹீட் பம்ப், அடுத்த வருஷம் சுமார் 1 லட்சத்து 93 ஆயிரமாக இறங்கியது. "லாபம் நஷ்டம் மட்டும் பாக்கற மாடலுக்கு இது எப்படித் தெரியும்? பயம்ங்கற காலமே உன் எக்ஸெல்ல இல்லையே!"

சார் இன்னொரு கதை சொன்னார். இதே பிரிட்டன் ஏற்கெனவே ஒரு தடவை மொத்தமாக மாறியிருக்கிறது. முன்பு அங்கே நிலக்கரியிலிருந்து எடுத்த கேஸ்தான் வீடுகளுக்கு வந்தது. வடகடலில் இயற்கை எரிவாயு கிடைத்ததும், 1967 முதல் 1977 வரை, தெருத் தெருவாக, வீடு வீடாக ஆட்கள் போய்ச் சுமார் 4 கோடி அடுப்புகள், ஹீட்டர்களை மாற்றிக் கொடுத்தார்கள். "யாரையும் தனியா உக்கார வெச்சு 'யோசி'ன்னு சொல்லலை. இன்னின்ன தேதிக்கு உங்க தெருவுக்கு வர்றோம்னு சொன்னாங்க, வந்தாங்க. அந்தத் தெருவில் யாரும் தனி ஆளில்லை." எனக்குக் கேன்டீனில் தனியாக பஜ்ஜி தின்றவன் ஞாபகம் வந்தான்.

மாடலில் இதையும் போட்டுப் பார்த்தேன். பத்து வயசைத் தாண்டிய பாய்லர் இருக்கிற வீடுகளுக்கு மட்டும், அது சாகிறதுக்கு முன்பே ஆள் போய் அளந்து, தொட்டி எங்கே, பெட்டி எங்கே என்று ஒரு தாளில் எழுதி வைத்துவிட்டு வர வேண்டும். பாய்லர் நடுவில் செத்தால், வேலை முடிகிற வரைக்கும் இரவல் ஹீட்டர் கொடுக்க வேண்டும். ஒரே தெருவில் நாலைந்து வீட்டுக்குச் சேர்த்துச் செய்ய வேண்டும். கோடு மறுபடியும் தலை தூக்கியது. மானியத்தை ஏற்றியபோது நிமிர்ந்ததை விட நன்றாகவே! இது என் பொம்மை வீடுகளில் நடந்தது, நிஜ வீடுகளுக்கு சத்தியம் பண்ண முடியாது. ஆனாலும் எதைக் கேட்க வேண்டும் என்பதாவது இப்போது தெரிந்தது.

ரிவ்யூவில் ரெண்டு கோடுகளையும் போட்டேன். முதல் ஸ்லைடில் அழகான எஸ். ரெண்டாவதில் தொங்கிப்போனது. மூணாவதில், ஏன் தொங்கியது. பேனலில் ஒருத்தர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார். "ஏம்மா, ஒரு சித்தி பண்ணின போன் காலை வெச்சு மாடலையே மாத்தினியா? இது டேட்டாவா?"

முழங்கால் ஆடியது. இருந்தாலும் சொன்னேன். "டேட்டா இல்லை சார். எந்த டேட்டாவை நான் தேடவே இல்லைன்னு காட்டின போன் கால், சார்."

சார் பின்பெஞ்சிலிருந்து லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது. மார்க் என்னவோ சுமார்தான் வந்தது. பரவாயில்லை, அரியர் இல்லையே!

உங்களிடம் ஒன்றே ஒன்று. நீங்களும் நாளைக்கு ஏதோ ஒரு ப்ராஜெக்டில் 'யூசர்', 'கன்ஸ்யூமர்', 'ஹவுஸ்ஹோல்டு' என்று டைப் அடிப்பீர்கள். அடிப்பதற்கு முன்னால், அந்த வார்த்தைக்குள் அடங்குகிற ஒரே ஒரு ஆளுக்குப் போன் போடுங்கள். கணக்கில் அவர் செய்கிற தப்பைத் திருத்துவதற்காக இல்லை, நம் கணக்கில் அவர் எங்கே நிற்கிறார் என்று பார்ப்பதற்கு. அவர் வீட்டில் தொட்டி வைக்கிற இடத்தில் ஒரு முருகன் இருக்கலாம்.

ரிவ்யூ முடிந்த அன்று சித்திக்குப் போன் பண்ணி, ஸ்லைடில் அவர் வந்த கதையைச் சொன்னேன். ஒரே சிரிப்பு.

"செரி கண்ணு, இந்த பாய்லரு 2040 வரைக்கும் ஓடுமாமா, மாட்டினவரு சொன்னாரு. அப்ப உனக்கு முப்பத்தஞ்சு வயசு ஆயிருக்கும். அது சாகற வரைக்கும் பாத்துட்டு உக்காந்திருக்காத. முன்னாடியே வந்து அளந்து வெச்சுட்டுப் போ."

"வர்றனுங் சித்தி."

"வரும்போது அடி தட்டையா ஒரு தோசைக்கல்லு வாங்கிட்டு வா. இப்ப இருந்தே பழக்கணும், இல்லீன்னா தோசை ஒட்டிக்கும்!"